கிரிப்டோவில் ரூம் போட்டால் ரீஃபண்ட் எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரிப்டோ கொடுத்தே விமான டிக்கெட், ஹோட்டல் ரூம் எல்லாம் போட்டுவிடலாம் என்று உங்கள் பயணப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சீப்ஏர் என்ற டிக்கெட் தளம் 2013-லேயே பிட்காயின் என்ற கிரிப்டோ காயினைக் கட்டணமாக வாங்க ஆரம்பித்துவிட்டது, டிராவாலா மாதிரி பயண புக்கிங் தளங்கள் இதையே பெரிய தொழிலாகச் செய்கின்றன. ஆனால் பணம் போகிற வழியை மட்டும் அவ்வளவு விவரமாக எழுதியவர், அது திரும்பி வருகிற வழியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிற எனக்கு முதலில் தோன்றிய கேள்வியே அதுதான்.

ஏனென்றால் மலையில் ரூம் விடுகிற தொழிலில் புக்கிங்கைவிட கேன்சல்தான் அதிக வேலை வைக்கும். 2024 மே மாதத்தில் இருந்து நீலகிரிக்கு வண்டியில் வர இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கிற அனுமதி, வேண்டும். 2025 சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் கணக்கும் வைத்துவிட்டது. ரூமுக்கு அட்வான்ஸ் போட்டுவிட்டு கடைசி நேரத்தில் பாஸ் போடப் போகிறவருக்கு அது கிடைக்காமல் போனால் யாரைக் குறை சொல்வது? அப்புறம் ஐப்பசி மழை. பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் ரோடு அடைபடும், குஞ்சப்பனை பக்கம் மரம் விழுந்தால் எங்கள் ரோடு அடைபடும், கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் பாறை விழுந்தால் மலை ரயிலும் ரத்து. ரெட் அலர்ட் என்று தொட்டபெட்டா, பைன் பாரஸ்ட் எல்லாவற்றையும் மூடிவிட்டால், மேட்டுப்பாளையம் வரை வந்தவர்கள்கூட அங்கிருந்தே போன் செய்து "அண்ணா, நாங்க திரும்பிப் போறோம், அட்வான்ஸ் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். ஜிபேயில் வந்த பணத்தை ஜிபேயிலேயே அனுப்பிவிடுவேன், டவர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. 8,000 வந்தது, 8,000 போனது, தகராறு இல்லை.

இதே அட்வான்ஸ் பிட்காயினில் வந்திருந்தால்? வாங்கிய அன்றைய விலை ஒன்று, திருப்பித் தருகிற அன்றைய விலை இன்னொன்று. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் கிட்டத்தட்ட 69,000 டாலர், அடுத்த வருடம் அதே நவம்பரில் 16,000 டாலர். இப்படி ஆடுகிற சரக்கில், வாங்கிய காயினையே திருப்பித் தருவதா, அன்றைய ரூபாய் மதிப்பைத் தருவதா? விலை இறங்கியிருந்தால் விருந்தினர் ரூபாயைக் கேட்பார், ஏறியிருந்தால் காயினைக் கேட்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன். இதை முன்கூட்டியே எழுதி வைக்காத எந்த புக்கிங்கும் சண்டையில்தான் முடியும்.

சரி, விலையை டாலரோடு கட்டிவைத்த யுஎஸ்டிடி என்ற காயின் இருக்கிறதே, அது அவ்வளவு ஆடாதே என்று கேட்கலாம். பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிற ஒரு தம்பி இதையே சொல்லி, "வாலட் முகவரி மட்டும் அனுப்புங்க அண்ணா, ஒரு நிமிஷத்துல போட்டுர்றேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், விலைச் சிக்கல் அதில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் வாலட் முகவரி என்பது காயினுக்கான கணக்கு எண் மாதிரி. எத்தீரியம் நெட்வொர்க் என்றால் அது 42 எழுத்து, வாய்விட்டுப் படிக்கவே முடியாத வரிசை. ட்ரான் நெட்வொர்க் என்றால் முகவரி வேறு மாதிரி இருக்கும். நெட்வொர்க் மாறினாலோ, தப்பான முகவரியை ஒட்டினாலோ, கூப்பிட்டுச் சொல்ல ஒரு பேங்க் மேனேஜர் கிடையாது. அனுப்பியது அனுப்பியதுதான்.

சீசன் நேரத்தில் இதுதான் எனக்குப் பயம். ஊட்டி, கொடைக்கானல் காட்டேஜ் என்று வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ போட்டு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுகிற கும்பல் ஏற்கெனவே இருக்கிறது. பேங்க் வழியாகப் போன பணம் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தால், பணம் கைமாறுவதற்குள் அந்தக் கணக்கை முடக்கிப் பிடித்துவைக்க வாய்ப்பாவது உண்டு. கார்டில் கட்டியிருந்தால் பேங்கிடம் தகராறு எழுப்பலாம். மோசடிக்காரனின் சொந்த வாலட்டுக்குப் போன காயினை நிறுத்திவைக்கச் சொல்லி எந்த பேங்கிடம் கேட்பது? முன்பின் தெரியாத காட்டேஜ்காரர் கிரிப்டோவில் மட்டும்தான் அட்வான்ஸ் வாங்குவேன் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

வரியைப் பற்றியும் கட்டுரையில் பேச்சே இல்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்று சொன்னது, கரன்சி என்று சொல்லவில்லை. அதனால் காயின் கொடுத்து ரூம் போடுவது, நகையை விற்று வாடகை கட்டுவது மாதிரி. 20,000 ரூபாய்க்கு வாங்கிய காயின் இன்று 50,000 ஆகியிருந்து, அதை ரூம் பில்லுக்குக் கொடுத்தால், 30,000 லாபத்துக்கு 30 சதவீதம் வரி 9,000, அதன்மேல் செஸ் 360. 2022 ஏப்ரலில் இருந்து இதுதான் சட்டம். நஷ்டம் வந்தால் அதை வேறு எந்த லாபத்திலும் கழிக்கவும் முடியாது. போதாததற்கு 2022 ஜூலையில் இருந்து 1 சதவீத டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடித்துக் கட்டுகிற வரி வேறு, வரம்பைத் தாண்டினால் காயினை வாங்கிக்கொள்கிற என் தலையில் அந்த வேலை விழும். ஜிஎஸ்டியோ ரூபாயில்தான் கட்ட வேண்டும். பால்காரரும் கேஸ் ஏஜென்சியும் காயின் வாங்க மாட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது யாருக்குமே உதவாது என்று சொல்ல வரவில்லை. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் நிறுத்திக்கொண்ட பிறகு, அந்த நாட்டு பேங்க் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு எதுவும் வெளிநாட்டில் வேலை செய்வதில்லை. அப்படி ஒருவருக்குக் கிரிப்டோ தளம் வழியாக ரூம் போடுவது உண்மையிலேயே வசதி, அதில் ஹோட்டலுக்கு வழக்கமான பணமாகவே வந்துவிடும். ஆனால் எக்ஸ்பீடியா அளவுக்குப் பெரிய கம்பெனியே 2014-இல் பிட்காயின் வாங்க ஆரம்பித்து 2018-இல் கைவிட்டது. ஜிபே இருக்கிற ஊரில், சென்னையில் இருந்தோ கோவையில் இருந்தோ குன்னூர் வருகிறவர் எதற்காக இந்தச் சுற்றுவழியில் போக வேண்டும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கேன்சல் ஆனால் ரீஃபண்ட் காயினாக வருமா, ரூபாய் கணக்கிலா, அல்லது அந்தத் தளத்திலேயே செலவழிக்க வேண்டிய கிரெடிட்டாகவா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூடவே 30 சதவீத வரிக் கணக்கையும் 1930 என்ற எண்ணையும் சீசனுக்கு முன்பு ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், ரூம் போடுகிறவர்களுக்கும் ரூம் விடுகிற எங்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஹோம்ஸ்டே நடத்தும் வாசகர்,
கோத்தகிரி.