பூட்டிக் கிடந்த பீரோவும் ஊர் கொடுத்த சாமான்களும்

அன்புள்ள சைக்கிள் கடை அண்ணனுக்கும், கொத்தனார் அண்ணனுக்கும், பால் சொசைட்டி அக்காவுக்கும், கண்ணாடி கொடுத்த பாட்டிக்கும், எங்கள் அறிவியல் அறையில் சத்தமில்லாமல் எதையாவது வைத்துவிட்டுப் போன மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுதத்தான் நினைத்தேன். "நம்ம பேரெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று பாதிப் பேர் கூச்சப்பட்டதால் யார் பெயரும் இல்லை. யார் யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும். நம் ஊர் அவ்வளவு பெரியதில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோதே பீரோவில் ஆய்வுக்கருவிப் பெட்டி ஒன்று இருந்தது. மூன்று வருடம் அதை வெளியே எடுக்கவில்லை. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற பயம்தான். லென்சையும் காந்தத்தையும் பீரோவில் பூட்டிவிட்டு, அவற்றின் படத்தைப் பலகையில் வரைந்து பாடம் நடத்தினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "உடைஞ்சா உடைஞ்சதுன்னு எழுதும்மா, அதுக்கும் பதிவேட்டுல கட்டம் இருக்கு" என்றார். அவருக்குத்தான் முதல் நன்றி. பீரோவைத் திறந்தேன். எட்டாம் வகுப்பில் 32 பிள்ளைகள், லென்சு இரண்டு!

சரி, வேறு வழி தேடியபோதுதான் அரவிந்த் குப்தாவின் செய்முறைகளைப் பார்த்தேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இந்தப் பொறியாளர், 1978இல் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனவர். அங்கே சந்தையில் கிடைத்த சாமான்களை வைத்து அவர் செய்ததுதான் தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூப்பும் சேர்ந்த மாதிரிகள். டியூப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையிலும் குச்சியைச் செருக வேண்டும். அவ்வளவுதான்.

வால்டியூப் கேட்டு சைக்கிள் கடைக்குப் போனேன். இரண்டு மீட்டர் கேட்டால் அண்ணன் ஒரு சுருளையே எடுத்து நீட்டினார், காசு வாங்கவில்லை. மருந்து வைக்காத வெறுங்குச்சி ஒரு பை நிறைய வந்தது. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு மாணவியின் சித்தி கொடுத்துவிட்டது.

அன்று வகுப்பில் சதுரம் செய்தவர்கள் ஓரத்தில் விரலை வைத்துத் தள்ளினார்கள், அது சாய்ந்து சாய்சதுரமானது. முக்கோணம் செய்தவர்கள் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. குறுக்கே இன்னொரு குச்சியைக் கொடுத்ததும் சதுரமும் விறைத்து நின்றது. மறுநாள் ஒருவன் வந்து, செல்போன் டவர் முழுக்க முக்கோணம்தான் என்றான். பந்தல்காரர் சவுக்குக் கம்பைக் குறுக்கே கட்டுவதும் அதற்குத்தானா என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியை நான் சொல்லித்தரவில்லை.

கொத்தனார் அண்ணனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் தந்தால் போதும் என்றுதான் கேட்டேன். அவரே வந்துவிட்டார். நூலை எடுத்தார். வகுப்பறை மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடி, மறு சுவரில் நான்கடி அளந்து குறி வைத்தார். இரண்டு குறிக்கும் நடுவே சரியாக ஐந்தடி இருந்தால் மூலை மட்டம், அதாவது சரியான செங்கோணம் என்றார். பித்தாகரஸ் தேற்றத்தை நான் பலகையில் எழுதிய நாட்களில் வராத அமைதி அன்று வந்தது. அளந்தால் ஐந்தடிக்கு மேல் ஓரங்குலம் கூடுதல். "இது என் கைவேலை இல்ல டீச்சர்" என்றார் அவசரமாக. ஆறு, எட்டு, பத்து வைத்தாலும் வருமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். "பெரிய கட்டடத்துக்கு அதத்தாம்மா வைப்போம்" என்றார். அப்புறம் டியூப் லெவலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் எங்கள் கரும்பலகை ஒருபக்கம் சரிந்திருப்பதும் தெரிந்துபோனது. இத்தனை வருடம் என் கையெழுத்துதான் கோணல் என்று நினைத்திருந்தேன்.

பாட்டி, தாத்தாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கொடுத்தார். அதன் பவர் +2, அதாவது குவியத் தொலைவு 50 செ.மீ. அந்த லென்சு வழியே வாசல் வேப்பமரத்தின் பிம்பம் சுவரில் தலைகீழாக விழுந்ததைப் பார்க்கப் பாட்டியும் வந்திருந்தார். சொசைட்டி அக்கா, பாலின் அடர்த்தியைப் பார்க்கும் பழைய பால்மானி தந்தார். தண்ணீர் கலந்த பாலில் அது கூடுதலாக அமிழ்வதைக் காட்டினேன். சர்க்கரை போட்டால் மறுபடி மேலே வருமே என்று ஒரு பயல் கண்டுபிடித்தான். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 'பெட்' (PhET) திட்டம். கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் அதன் செயல்பாடுகளை இலவசமாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடுகின்றன. மின்சுற்றை ஷார்ட் சர்க்யூட் செய்தால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். பிள்ளைகள் பத்து முறை கொளுத்திவிட்டார்கள், எனக்கு ஒரு பைசா நட்டமில்லை. சிலவற்றைத் தமிழாக்கித் தந்த தன்னார்வலர்களை எங்கள் பிள்ளைகள் சொந்தக்காரர்கள் மாதிரிதான் நினைக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு உடைந்தவை இரண்டு சோதனைக்குழாய்கள். பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

கடைசியாக ஓர் அழைப்பு. மதுரைப் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் ஏப்ரல் நடுவில் ஒன்று, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒன்று. ஏப்ரலில் தேர்வு நேரம், அதனால் ஆகஸ்டில் வைத்திருக்கிறோம். பகல் 12.20 வாக்கில் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று முன்னதாகவே பார்க்க வேண்டியிருப்பதால், கொத்தனார் அண்ணன் மட்டும் தூக்குக்குண்டோடு அரைமணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்