அம்மா ஒளித்து வைத்த டின்

அன்புள்ள பாப்பா,

போனில் சொல்ல ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்குப்பா" என்பாய். அதனால்தான் கடிதம். அந்தப் போனும் வந்து ஐந்து வாரமாகிறது.

நீ கேட்ட அரக்குப் பட்டுச் சேலையைத் தேடி அம்மாவின் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில், பாச்சா உருண்டைகளுக்கு நடுவே, பழைய துண்டில் சுற்றி என் டன்ஹில் நைட்கேப் பைப் புகையிலை டின்! 1989ல் லண்டன் ஜெர்மின் தெருவில் வாங்கியது. ரிட்டையர் ஆகும் அன்று உடைப்பதாக வைத்திருந்தேன். வீடு மாறியபோது தொலைந்துபோனது என்று உன் அம்மா அடித்துச் சொன்னாள். நானும் நம்பினேன்.

இனி அது கடையில் கிடைக்காது. 2018ல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை போடுவதை நிறுத்திவிட்டார்கள். பீட்டர்சன் என்ற வேறு கம்பெனி பெயரில் அதே கலவை வருகிறதாம். ஆனால் என்னுடையது வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் செய்த காலத்துச் சரக்கு. நாணயத்தை மூடியில் கொடுத்துத் திருகியதும் 'புஸ்' என்றது. முப்பது வருஷத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தும் இலையில் ஈரம் இருந்தது. அந்தக் கலவையில் உள்ள லட்டாக்கியா என்பது விறகுப் புகையில் காட்டிப் பதமாக்கிய இலை, நெல் அவிக்கும் அடுப்புப் பக்கம் நின்ற மாதிரி வாசம். சிரியாவின் லட்டாக்கியா துறைமுகத்தின் பெயர்தான் அதற்கு. அங்கே நாலு நாள் கப்பல் நின்றது பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். கூடவே அமெரிக்காவில் லூசியானாவின் பெரிக் புகையிலை. பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைப்பார்கள், ஊறிய பேரீச்சம்பழம் போல ஒரு புளிப்பு.

ஸ்டென்ட் வைத்தபின் நான் தொட்டதில்லை, உனக்கே தெரியும். நேற்று மொட்டை மாடியில் அரை பைப். திட்டாதே. மூன்று தீக்குச்சி செலவானது. முதல் இழுப்பில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெல்ல இனிப்பு, கடைசியில் நாக்கு எரிந்தது. லட்டாக்கியா வயதாக ஆக அடங்கிவிடும் என்பார்கள். உண்மைதான், இவ்வளவு சாதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினேன் என்று ஆகிவிட்டது.

அது கிடக்கட்டும். போன தடவை வீடியோவில் உன் மேஜையில் நீல இன்ஹேலரைப் பார்த்தேன். நீ கேமராவைத் திருப்பிக்கொண்டாய். பத்தாம் வகுப்போடு போய்விட்டது என்றுதானே நினைத்தோம்? அங்கே குளிர் அதிகம், மப்ளர் கட்டு. இன்ஹேலரை மேஜையில் வைக்காதே, கைப்பையில் வை. தொடர்ந்து மூன்று போனிலும் மாப்பிள்ளையைக் காணோம். அவருக்கும் வேலை இருக்கும், சரி.

நீ அனுப்பிய பாலத்துப் படத்தை பேங்க் மேனேஜரிடம் காட்டினேன். "இதை உங்க பொண்ணா டிசைன் பண்ணுச்சு?" என்று எழுந்தே நின்றுவிட்டார். பாலத்துக்கு நேரம் இருக்கிறது, அப்பனிடம் இரண்டு வார்த்தை பேச இல்லை. சரி விடு. இன்ஹேலரைக் கைப்பையில் வை.

பாப்பா, உனக்கு ஆறு வயதில் இளைப்பு வந்தபோது டாக்டர் கேட்டார், "வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா?" என்று. "இல்லை சார், நான் பாதி வருஷம் கப்பலில்" என்றேன். முந்தின இரவுதான் மழை என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பைப் பிடித்தபடி உனக்குக் கதை சொல்லியிருந்தேன். அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். வாயே திறக்கவில்லை. பஞ்சு மில் தூசி என்று டாக்டர் எழுதினார், நான் தலையாட்டினேன். அப்புறம் அந்த மில்லைச் சாக்கு வைத்துத்தான் வீடு மாறினோம். டின் 'தொலைந்ததும்' அப்போதுதான்.

நேற்று மாடியில் பாதியிலேயே அணைத்துவிட்டேன். டின் இன்னும் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, தூக்கிப் போடக் கை வரவில்லை.

அரக்குப் பட்டை இரண்டு நாள் நிழலில் உலர்த்தியிருக்கிறேன். புகை வாசம் ஏறவில்லை, எதிர்வீட்டுப் பெரியம்மாவிடமும் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பார்சலில் போடவா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று மட்டும் சொல்.

அப்பா