விரக்தியையும் தேதி போட்டு எழுது

அன்புள்ள மகளுக்கு,

"இந்த உலகம் உருப்படாதும்மா" என்று போனில் சொன்னாயே, அதை மறுக்கத்தான் இந்தக் கடிதம்.

விரக்தியாகப் பேசுவது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது என்றால், அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதே காரணம். நடக்கும் என்றவன் நடக்காவிட்டால் மாட்டிக்கொள்வான். நடக்காது என்றவனை, நடந்த பிறகு யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை.

பெரியம்மையை எடுத்துக்கொள். அதை ஒழிப்பதென்று உலக சுகாதார அமைப்பு 1959இல் தீர்மானம் போட்டது. பல வருடங்கள் பணமும் போதவில்லை, வெயில் தாங்கும் தடுப்பு மருந்தும் போதவில்லை. ஆகாத காரியம் என்று அப்போது சொன்னவர்களிடம் நியாயம் இருந்தது. 1967இல் வேலையை முடுக்கிவிட்டபோது கைகொடுத்தவற்றில் ஒன்று, நுனி இரண்டாகப் பிளந்த ஒரு சிறு ஊசி. மருந்தில் தோய்த்தெடுத்தால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சொட்டு நிற்கும். மேற்கையில் ஒரே இடத்தில் 15 முறை வேகமாகக் குத்தினால் போதும். முன்பு ஒருவருக்குச் செலவான மருந்து நாலு பேருக்கு வந்தது. கூடவே வழியையும் மாற்றினார்கள். நோய் கண்ட வீட்டைத் தேடிப் பிடித்து, நோயாளியைத் தனியே வைத்து, சுற்றியிருப்பவர்களுக்கு உடனே குத்தினார்கள். இயல்பாகத் தொற்றிய கடைசி ஆள் சோமாலியாவில், 1977 அக்டோபரில். 1980 மே மாதம் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

நரம்புச் சிலந்தி, குடிதண்ணீர் வழியே உடம்புக்குள் போகும் புழுவால் வரும் நோய். அதற்குத் தடுப்பூசியே கிடையாது. குடிதண்ணீரைத் துணியில் வடிகட்ட வைத்தும், புழு வெளிவரும் காலோடு யாரும் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டும், 1986இல் சுமார் 35 லட்சமாக இருந்ததை 2023இல் 14 பேருக்குக் கொண்டுவந்தார்கள். நாய்களுக்கும் அந்தப் புழு வருவதால் கடைசிக் கட்டம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு உனக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வராது.

ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990இல் 1.2 கோடிக்கு மேல். 2022இல் 50 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. இன்னமும் நெஞ்சு பதறும் எண்ணிக்கைதான். ஆனால் அந்த இறக்கம் 30 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது, அதனால் எந்த நாளின் தலைப்புச் செய்தியிலும் அதற்கு இடமில்லை. ஒரே நாளில் நடப்பவைதான் காலையில் உன் போனுக்கு வருகின்றன.

ஒரு நோட்டு எடு. மனம் கசக்கும்போதெல்லாம் அந்தக் கசப்பை ஒரு வரியாக எழுது: என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள், நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு. "எல்லாம் நாசமாகும்" என்று எழுதினால் சரிபார்க்க வழியே இல்லை. "டிசம்பர் 31க்குள் இந்தத் திட்டத்தைக் கைவிடுவார்கள், 70" என்று எழுது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார். 20 வரியாவது சேரும்வரை முடிவுக்கு வராதே, நாலைந்தில் அதிர்ஷ்டம் புகுந்துவிடும். 70 போட்ட வரிகளில் பத்துக்கு ஏழு பலித்தால் உன் கணிப்பு சரி. நாலுதான் பலித்ததென்றால், உள்ளதைவிட இருட்டாகப் பார்க்கிறாய். பழைய வரிகளைத் திருத்தச் சொல்லிக் கை அரிக்கும், பேனாவிலேயே எழுது.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஏதாவது ஒரு வேலைக்கு ஒதுக்கு. எண்ணிப் பார்க்கக்கூடிய வேலையாக இருக்கட்டும். ஒரு குழந்தைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால், இந்த வாரம் எத்தனை வரி தடங்கலில்லாமல் வாசித்தது என்று குறித்து வை. எண்ணிக்கை நகராத வாரங்கள் வரும். அப்போது குழந்தையை விட்டுவிடாதே, சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்று.

அடுத்த முறை பேசும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். போனில் சொன்னதையே முதல் வரியாக எழுத முடிகிறதா பார். தேதி போட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா