ஒரு கார்பைனும் ஒரு மேசையும் போதும்: மாவட்ட நிர்வாகத்துக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் நாங்குநேரிப் பக்கத்து ஊர்க்காரன். 1984இல் பட்டாளத்தில் சேர்ந்து 24 வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக வீடு திரும்பியவன். இப்போது பென்ஷனும் கொஞ்சம் வாழையுமாக ஓடுகிறது. இதை முதலில் மனுவாக எழுதி ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்த தம்பி இரண்டு தரம் படித்துவிட்டு, "அண்ணாச்சி, இது எந்த செக்ஷன்ல வரும்?" என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சரி, எல்லோரும் பார்க்கிற மாதிரியே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் கார்பைன். ஊரில் ஸ்டென்கன் என்பார்கள், பேப்பரில் இயந்திரத் துப்பாக்கி என்று போடுவார்கள், கோத்தில், அதாவது பட்டாளத்து ஆயுத அறையில், கையெழுத்துப் போட்டு வாங்குகிற எங்களுக்கு அது எப்போதும் ஒன்பது எம்.எம். கார்பைன். பிரிட்டிஷ்காரன் 1953இல் ஸ்டென்னுக்குப் பதிலாக எடுத்துக்கொண்ட ஸ்டெர்லிங்தான் அது. அந்தச் சாமானையே நம் கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியில் அறுபதுகளிலிருந்து செய்தார்கள். அதைக் கண்டுபிடித்த நாட்டுக்காரன் தொண்ணூறுகளிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டான். நம்மிடம் அப்பன் தூக்கியதை மகன் தூக்கி, சில வீடுகளில் பேரனும் தூக்கியாயிற்று. மாற்ற வேண்டும் என்று பேசாத வருஷமில்லை. 2018இல் வெளிநாட்டிலிருந்து 93,895 கார்பைன் அவசரமாக வாங்குவதாகச் சொன்னார்கள், இரண்டு வருஷத்தில் அது ரத்தானது. கடைசியாக 2025 டிசம்பரில்தான் நாலே கால் லட்சத்துக்கு மேல் புதுக் கார்பைனுக்கு, சுமார் 2,770 கோடி ரூபாய்க்கு, கையெழுத்தாகியிருக்கிறது. ஆக இந்தத் தடவை பழையது நிஜமாகவே போகப்போகிறது. புதுசு வர வர ஒவ்வொரு கோத்திலும் பழசைக் கணக்குத் தீர்ப்பார்கள், நம்பர் பார்த்து டிக் அடித்து, உருக்க அனுப்புவார்கள்.

உருக்கட்டும். அதற்காக நான் அழவில்லை. இரும்பு இரும்புதான். ஆனால் அதைத் தூக்கிய ஆட்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி நிறைய இருக்கிறது, அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அந்த ஆட்களில் பாதிப்பேர் இந்த மாவட்டத்து ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், மீதிப்பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

என்ன சங்கதி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் கீழத்தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், சுபேதார் மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சீனச் சண்டை முடிந்த கையோடு ஆள் எடுத்தபோது சேர்ந்தவர், 65, 71 பாகிஸ்தான் சண்டை இரண்டும் பார்த்தவர். அவர் முதலில் தூக்கியது நிஜமான ஸ்டென். இரண்டாம் உலகப்போரில் டன்கிர்க் கடற்கரையில் ஆயுதங்களையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவந்த பிரிட்டிஷ்காரன் அவசரத்துக்குக் குழாயையும் தகரத்தையும் ஒட்டிச் செய்தது அது. ஷெப்பர்டு, டர்பின் என்று அதைச் செய்த இரண்டு பேரின் முதலெழுத்தோடு என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்து ஸ்டென் என்று பேர் வைத்தார்கள். நாற்பது லட்சம் போலச் செய்து தள்ளினார்கள். "அது துப்பாக்கியே இல்ல, குழாய்" என்பார் மாமா.

போன பொங்கலுக்கு நானும் என் மகனும் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். பையன் சும்மா இருக்காமல், ஸ்டென் எப்படி இருக்கும் தாத்தா என்று கேட்டான். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுவர் ஓரம் கிடந்த சைக்கிள் பம்பை எடுத்தார். இடது கையை முன்னால் குழாயின் மேல் வைத்தார், மேகசின், அதாவது தோட்டா அடைக்கிற கூடு, இருக்கிற இடத்தைத் தொடவே இல்லை. அதைப் பிடித்தால் ஆடும், ஆடினால் ரவுண்டு, அதாவது தோட்டா, சிக்கும். வலது கையால் இல்லாத ஒரு கைப்பிடியைப் பின்னால் இழுத்து, இழுத்த கையோடு மேல்பக்கமாக ஒரு திருகுத் திருகி நிறுத்தினார். ஸ்டென்னுக்கு சேஃப்டி என்றால் அவ்வளவுதான், குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட் என்ற இரும்புக் கட்டையின் கைப்பிடியை ஒரு வெட்டில் தூக்கி மாட்டிவைப்பது. காலையில் சாப்பிட்டோமா இல்லையா என்று மருமகளிடம் மூன்று தரம் கேட்கிற மனுஷன். கை மட்டும் அறுபது வருஷத்துக்குப் பிறகும் அந்த வெட்டைத் தேடிப் போய்ச் சரியாக நின்றது.

பம்பைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். லாரியில் போகும்போது பக்கத்துப் பையனின் ஸ்டென் சரிந்து, அதன் பின்கட்டை இரும்பில் போய் இடித்திருக்கிறது. போல்ட் முன்னால் இருந்தது, மேகசின் மாட்டியிருந்தது. அடிபட்ட வேகத்தில் போல்ட் கொஞ்சம் பின்னால் போனால் போதும், அதைப் பின்னால் பிடித்து நிறுத்துகிற சியர் கொக்கியில் மாட்டாது, ஆனால் திரும்பி வரும்போது ஒரு ரவுண்டைத் தள்ளிக்கொண்டு வந்து வெடித்துவிடும். அப்படித்தான் வெடித்தது. எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குக் கெண்டைக்காலில். அவன் பிழைத்தான், ஆனால் நொண்டி. விசாரணையில் கவனக்குறைவு என்று அந்தப் பையன் தலையில் எழுதி முடித்துவிட்டார்கள். "அவன் மேல தப்பே இல்லன்னு எனக்குத் தெரியும், நான் பக்கத்துல இருந்தேன்லா" என்றார். இதை இத்தனை வருஷமாக ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலியே மருமவனே."

இந்த மடல் எழுத அதுதான் காரணம்.

நான் தூக்கியது ஸ்டெர்லிங், ஸ்டென் இல்லை. அதைவிட எவ்வளவோ மேல், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்டென் மேகசினில் இரண்டு வரிசையாக ஏறுகிற ரவுண்டு மேலே வரும்போது ஒற்றை வரிசையாக நெருக்கிக்கொண்டு வரும், அங்கேதான் சிக்கல். ஸ்டெர்லிங்கின் மேகசின் அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், 34 ரவுண்டு கொள்ளும், உள்ளே உருளை வைத்துத் தள்ளும், இரண்டு வரிசையும் கடைசிவரை இரண்டு வரிசையாகவே வரும். மேகசின் இல்லாமல் எடை 2.7 கிலோ. பின்கட்டையை மடக்கினால் நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல். நீலகிரி வெலிங்டனில், பல் கிட்டுகிற குளிரில், அதை முதன்முதலாகப் பிரித்துக் காட்டிய உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார். பின் மூடியை அமுக்கிக் கொஞ்சம் திருகினால் போதும், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மூடியோடு வெளியே பாயும். நான் கேட்கவில்லை. மூக்கில் பட்டது. அப்புறம் போல்ட்டை வெளியே இழுத்துப் பார்த்தால் மேலெல்லாம் திருகாணி மாதிரி சாய்வாக வரி ஓடியிருக்கும். குழாய்க்குள் மண்ணோ கரியோ இருந்தால் அந்த வரி சுரண்டி ஒதுக்கிவிடும். எங்கள் குட்டம் பக்கத்துத் தேரி மணலைக் கொட்டினாலும் சுடும் போல என்று நினைத்தேன். கொட்டிப் பார்க்கத் துணியவில்லை.

ரேஞ்சில் அதைச் சுடுவதைவிடச் சுட்டு முடித்தபிறகுதான் பாடு. வலது பக்கமாகக் காலிக் கேஸைத் துப்பும், நாங்கள் கோக்கா என்போம். எத்தனை ரவுண்டு கொடுத்தார்களோ அத்தனை கோக்கா திரும்ப வேண்டும். நிமிஷத்துக்கு 550 ரவுண்டு வேகத்தில் புல்லுக்குள் தெறித்ததைப் பொறுக்குவதென்றால் யோசித்துப் பாருங்கள். ஒரு சாயங்காலம் ஒரே ஒரு கோக்கா குறைந்தது. பிளாட்டூன் முழுக்க முட்டி போட்டு, புல்லைக் கோதிக் கோதி, இருட்டும்வரை தேடினோம். கடைசியில் அது ஒரு மதுரைக்காரனின் சட்டைக் காலருக்குள் கிடந்தது. சுட்டதும் சூடாக விழுந்திருக்கிறது, பூச்சி கடித்ததாக நினைத்திருக்கிறான். அவனை அன்று நாங்கள் திட்டிய திட்டு இருக்கிறதே, அதையும் யாராவது பதிவு செய்தால் நல்லதுதான்.

அப்புறம் இலங்கை. 88இன் தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையோடு போனேன். அந்தப் படை போனது சரியா தப்பா என்ற பேச்சுக்கு இந்த மடல் தாங்காது, கார்பைனை மட்டும் சொல்லுகிறேன். முதுகில் ரேடியோ செட் சுமக்கிற ஆளுக்கு ரைஃபிள் தூக்க முடியாது என்று எனக்குக் கார்பைன். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில், அதாவது குறுகின சந்துகளில், இரண்டு பக்கமும் கிடுகு வேலி, அங்கே சின்னதாக இருப்பது வசதிதான். ஆனால் மேகசின் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமா, அது வேலியில் போய் மாட்டும். எத்தனை தரம் மாட்டியது என்று கணக்கே இல்லை. மாட்டும்போதெல்லாம் ஓலை சரசரக்கும், நாலு வீட்டு நாய் குரைக்கும், முன்னால் போகிற செக்ஷன் கமாண்டர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். ஒழுங்கையைத் தாண்டிப் பனங்காட்டுக்கு வந்துவிட்டால் அது கையில் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குறிபார்க்கிற பின் சைட்டில் தூரத்துக்கு 100, 200 கெஜம் என்று இரண்டே எண். எதிரே இருப்பவனிடம் ஏ.கே.47. அவன் குண்டு விநாடிக்கு 700 மீட்டருக்கு மேல் வருகிறது, என்னுடையது 390தான் போகும், அதுவும் பிஸ்டலில் போடுகிற அதே ரவுண்டு. சத்தத்தை வைத்தே அது எது, இது எது என்று குழந்தைகூடச் சொல்லும். அந்த வித்தியாசத்தை உடம்பில் வாங்கியவர்கள் சொல்லித்தான் ஏ.கே. வாங்குகிற பேச்சே சூடுபிடித்தது என்று நாங்கள் நம்புகிறோம். எங்கள் நம்பிக்கைதான், ஃபைலில் என்ன எழுதியிருக்கிறதோ.

அங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, தெரியுமா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற இடமே அதுதான். 87 அக்டோபரில் ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிய 30 சீக்கியப் பிள்ளைகளில் 29 பேர் செத்தது அங்கேதான். நான் போனபோது அந்தப் பேச்சு இன்னும் ஆறவில்லை. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தண்ணீர் கொடுத்த அம்மா, நான் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, எந்த இடம் என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். "பகிடி விடுறீரோ?" என்று முகம் மாறிவிட்டது. இல்லை அம்மா, இந்தியாவில் உள்ள திருநெல்வேலி, தாமிரபரணிக் கரை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் கழுத்தில் கிடந்த கார்பைனையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

இந்த மாதிரித்தான் ஐயா ஒவ்வொருவரிடமும். ஆனால் சும்மா போய்க் கேட்டால் இது வராது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் கேன்டீன் ரம் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் ஆளுக்கொரு தரம் லாகூரைத் தனியாகப் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். மேடை போட்டு மைக் கொடுத்தால் இன்னும் மோசம். எதிரே சாமான் இருக்க வேண்டும். கையில் அதை எடுத்துவிட்டால் பொய் குறைந்துவிடும், விரல் பழைய இடத்துக்குப் போனதும் நாக்கும் பின்னாலேயே போகும். சைக்கிள் பம்புக்கே அந்த மகிமை என்றால் நிஜத்துக்குக் கேட்க வேண்டுமா.

ஆகவே நான் கேட்பது இதுதான். கழிக்கப்போகிற கார்பைனில் ஒன்றே ஒன்றை, பேரலில் துளைபோட்டு, தோட்டா உட்காருகிற சேம்பரை வெல்டு வைத்து அடைத்து, இனி எந்தக் காலத்திலும் சுடாதபடி செய்து, இராணுவத்திடமிருந்து மாவட்டத்துக்குக் கேட்டு வாங்குங்கள். போல்ட்டையும் மூடியையும் மட்டும் அசைகிற மாதிரி விடச் சொல்லுங்கள். எத்தனையோ ஊர் முச்சந்திகளில் பழைய டாங்கியையே நிறுத்தியிருக்கிறார்கள், இது என்ன பெரிய விஷயம். ஸ்டென் ஒன்றும் கிடைத்தால் கும்பிடுகிறேன். அருங்காட்சியகத்தில் ஒரு மேசை, நாலு நாற்காலி, பதிவு செய்யத் தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் ஆட்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு. டவுனில் ஒரு நகைக்கடை வாசலில் டபுள் பேரலோடு நிற்கிற எங்கள் பழைய கோத்தைக் கவனித்துக்கொண்டிருந்த என்.சி.ஓ. ஞாயிறு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டார், பிரித்துப் பூட்டிக் காட்டுகிற வேலை அவருடையது.

கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள்: எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று முதல் கேள்வி வேண்டாம். எப்போது சிக்கியது, எப்போது தானாக வெடித்தது, யார் தலையில் பழி விழுந்தது என்று கேட்கட்டும். 1799இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்த கையோடு மேஜர் பானர்மன் இந்தச் சீமையில் கோட்டையை இடி, ஆயுதத்தை ஒப்படை என்று உத்தரவு போட்டான். அப்படிக் கொண்டுவந்து போட்ட வேல், வாள், துப்பாக்கி பற்றி அவன் எழுதியதுதான் நமக்கு மிச்சம், கொண்டுவந்து போட்டவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி கிடையாது. அப்போது கேட்க ஆள் இல்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

கார்பைன் வந்து சேர மாதங்கள் ஆகும், கடிதப் போக்குவரத்து எனக்குத் தெரியாததா. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், சுபேதார் மாமாவை மட்டும் முதலில் வந்து பார்த்துவிடுங்கள். காலை பத்து மணிவரைதான் தெளிவாகப் பேசுவார், அதற்குமேல் ஆள் அடையாளம் தெரியாது. அந்த லாரிப் பையனின் பேர் அவருக்கு மட்டும்தான் தெரியும். சைக்கிள் பம்பை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டத்து முன்னாள் ஹவில்தார் ஒருவன்