வலி வலது பக்கம் இறங்கிய அன்று

எங்கள் தெருக்காரர்களுக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் என் மகனைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) ஆபரேஷன் முடிந்து, பையன் நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த ஞாயிறு ராத்திரி, தொப்புளைச் சுற்றி வலிக்குது என்றான். மத்தியானம் மீன் வறுவலை ஒரு பிடி பிடித்திருந்தான். அஜீரணம் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். விடிந்ததும் வாந்தி. குடலேற்றம், தட்டிவிட்டால் சரியாகும் என்றார் அத்தை. நான் பேதி மாத்திரை வாங்கக் கிளம்பினேன்.

மருந்துக்கடைத் தம்பி, முதல் நன்றி உனக்குத்தான். "இப்ப எங்க வலிக்குது அக்கா?" என்று கேட்டாய். வலது பக்கம் கீழே இறங்கியிருக்கிறது என்றதும் மாத்திரையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாய். "குடல்வாலா இருந்தா இந்த மாத்திரை ஆபத்து. தண்ணிகூடக் கொடுக்காம கூட்டிட்டுப் போங்க" என்றாய்.

ஆட்டோ அண்ணா, ஸ்கூல் சவாரியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு வந்தீர்கள். காசிமேட்டிலிருந்து ஸ்டான்லி வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் பையன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். தூளியில் குழந்தை தூங்குகிற மாதிரி வண்டியை ஏற்றி இறக்கினீர்கள். டாக்டரம்மா கேட்டதும் அதைத்தான்: "வண்டி குலுங்கும்போது வலிச்சுதா?" குடல்வால் வீங்கி, அதைச் சுற்றியிருக்கும் சவ்வும் புண்ணானால் குலுக்கல் தாங்காதாம். அவர் மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்தபோதுதான் பையன் அலறினான்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அன்றைக்கே ஆபரேஷன். வெடிப்பதற்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். வெடித்தால் வலி கொஞ்ச நேரம் குறைந்த மாதிரிகூட இருக்குமாம். நானாக இருந்தால் சரியாகிவிட்டது என்று படுக்கவைத்திருப்பேன். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

டாக்டரம்மா, எங்கள் அத்தையிடமும் உட்கார்ந்து பேசினீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மேல்வயிறு வலித்து வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம், வாயு என்று சோடா குடிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள் என்றீர்கள். வயிறு பலகை மாதிரி இறுகினாலும், மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலும் காத்திருக்கக் கூடாது என்றீர்கள். அப்புறம் அத்தை அதைத் தெருக்குழாயடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

ராத்திரி முழுக்க டிரிப்ஸ் பார்த்த சிஸ்டர், தியேட்டர் வாசலில் என் கையை விடாமல் பிடித்திருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. மன்னியுங்கள்.

அண்ணா, நீங்கள் வாங்க மறுத்த ஆட்டோக் காசு இன்னும் என் முந்தானையில் முடிந்தபடியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாருங்கள்.