உஸ்மான் சாலைத் தீவிபத்துக்குப் பிறகு பத்தொன்பது நாட்களாகத் தண்ணீரின்றித் தவிக்கும் பின்தெரு மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
உஸ்மான் சாலை பின்தெருவில் குடியிருப்போர் (38 குடும்பங்கள்),
தியாகராய நகர், சென்னை – 600 017.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை.

நாள்: 19.06.2017

ஐயா,

பொருள்: ஜவுளிக் கடைக் கட்டடத் தீவிபத்தாலும் இடிப்புப் பணியாலும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராமல் நின்றுபோனது – சம்புகளும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகள்) கிணறும் கரி நீரால் பாழானது – உடனடி நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: பகுதி அலுவலகங்களில் நாங்கள் அளித்த மனுக்கள், நாள் 05.06.2017, 09.06.2017, 14.06.2017.

வணக்கம். கடந்த மே 31ஆம் தேதி விடியற்காலையில் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடைக் கட்டடத்தில் பிடித்த தீயைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி அது எரிந்ததையும், ஜூன் 1ஆம் தேதி அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்ததையும், எஞ்சி நிற்பதை இடிக்க 2ஆம் தேதி முதல் ராட்சத இயந்திரங்கள் வேலை செய்து வருவதையும் தாங்கள் அறிவீர்கள். அந்தக் கட்டடத்தின் பின்சுவருக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகிய தெரு மட்டுமே. அந்தத் தெருவில் வசிக்கும் 38 குடும்பங்கள், மூன்று மனுக்கள் பதிலின்றிப் போன பிறகு, இந்த நான்காவது மனுவைத் தங்கள் கையிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து குறைதீர்க்கும் நாளில் வந்திருக்கிறோம். எங்கள் குறைகள் பலவாயினும் முதன்மையானது தண்ணீர்தான்.

1. தீயணைப்பு வீரர்களுக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சுவரில் துளை போட்டுத்தான் அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீர் பாய்ச்ச முடிந்தது என்றால், அவர்கள் எத்தகைய புகையில் நின்றிருப்பார்கள் என்பதைத் தாங்களே உணர்வீர்கள். தண்ணீர் வண்டி ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் இடைவெளி விழுந்தபோது, எங்கள் தெருவில் நான்கு கட்டடங்களின் சம்ப் மூடிகளை நாங்களே திறந்து, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். சற்று நேரத்தில் காவலர்கள் வந்து எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்றதால், மாற்றுத் துணிகூட எடுக்காமல் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம். மூடிகள் திறந்தபடியே கிடந்தன. தீயில் பாய்ச்சிய தண்ணீரெல்லாம் கரியும் சாம்பலுமாகத் திரும்பிவந்து, கணுக்கால் உயரத்துக்குத் தெருவில் ஓடி, அந்த மூடிகள் வழியாகவே எங்கள் சம்புகளுக்குள் இறங்கியது.

2. நான்கு நாள் கழித்து வீடு திரும்பியபோது இது தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டோம். அந்தத் தண்ணீர் மாடித் தொட்டிகளுக்கும் ஏறி, குழாய்களுக்கும் வந்துவிட்டது. பட்டு எரிந்தால் முடி கருகிய வாடை அடிக்கும் என்பது அதுவரை எங்களில் பலருக்குத் தெரியாது. இப்போது குழாயைத் திறந்தாலே அந்த வாடைதான் முதலில் வருகிறது. ஒரு குடத்தின் வாயில் வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டி வடிகட்டிப் பார்த்தோம். துணி கரி பிடித்துக் கறுத்தது, கீழே இறங்கிய தண்ணீரிலோ எண்ணெய்ப் படலம் அப்படியே மிதந்தது. அந்தத் துணியை இம்மனுவுடன் இணைத்துள்ளோம். குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், துணி துவைக்கவாவது ஆகட்டும் என்றால், குளித்த குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு எழும்புகிறது. எங்கள் தெருவில் இன்னமும் ஊறிக்கொண்டிருந்த ஒரே கிணற்றிலும் இடிப்புத் தூசி படிந்து, மேலே பால் ஆடை போல மிதக்கிறது. அந்தத் தண்ணீர் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பரிசோதித்துச் சொல்ல இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

3. இது எந்த ஆண்டு என்பதையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சென்ற வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனதில், நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகளான பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடக்கின்றன. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொண்டுவர அரசே முயன்று வருகிறது. தீவிபத்துக்கு முன்பே எங்கள் குழாயில் தண்ணீர் வருவது அரிதாகிவிட்டது. தெருமுனையில் இருந்த கறுப்பு சிந்தெக்ஸ் தொட்டியில் நாள் விட்டு நாள் லாரி ஊற்றிவிட்டுப் போகும் தண்ணீரை முறை வைத்துப் பிடித்து, சண்டை சச்சரவு இல்லாமல் சமாளித்து வந்தோம். இடிக்கும் இயந்திரம் உள்ளே வர வழி வேண்டும் என்று ஜூன் 2 அன்று அந்தத் தொட்டியை அகற்றி, தடுப்புக்கு அப்பால் நடைபாதையில் கவிழ்த்து வைத்தார்கள். இன்றும் அது அங்கேதான் கவிழ்ந்து கிடக்கிறது. தெருவின் இரு முனைகளிலும் இரும்புத் தடுப்புகள் நிற்பதால் எந்த லாரியும் உள்ளே வருவதில்லை. காசு கொடுத்து வரவழைத்த தனியார் லாரியையும் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபத்தான இடத்தில் தடுப்பு வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. இடிப்பு வேலையில் இருந்த தொழிலாளி ஒருவர் இம்மாதமே உயிரிழந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் விடிந்து வேலை தொடங்கும் வரை இயந்திரங்கள் சும்மாதான் நிற்கின்றன. அந்த நேரத்தில் இரண்டு மணி நேரம் தடுப்பை விலக்கி ஒரே ஒரு லாரியை உள்ளே விட முடியாதா?

4. முதல் மனுவை நாங்கள் கொடுத்த அலுவலகத்தில், தண்ணீர் தங்கள் பொறுப்பு அல்ல என்று வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே, லாரி தயாராக இருக்கிறது, தடுப்பை எடுக்கச் சொல்லுங்கள் என்றார்கள். தடுப்பில் நின்ற காவலர், இடிக்கும் ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் திறக்கிறேன் என்றார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள், மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்கள். மேலிடம் எது என்று கேட்டோம், முதலில் மனுக் கொடுத்த அலுவலகத்தையே சொன்னார்கள். இப்படி ஒரே வட்டத்தில் எங்களை மூன்று முறை சுற்ற வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

5. ஜூன் 13 அன்று நடந்ததைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். அன்றிரவு பதினொன்றரை மணிக்கு மேல், வேறு தெருவுக்குப் போகும் லாரி ஒன்று பிரதான சாலையில் சற்று நிற்பதாகக் கேள்விப்பட்டு, எங்கள் வீட்டுப் பெண்கள் கையில் அகப்பட்ட குடங்களோடு ஓடினார்கள். தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குத்தான் இடைவெளி. வெறுங்குடத்தோடு போகும்போது தெரியாத சிரமம், நிறைகுடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பும்போது தெரியும். எங்களில் மூத்தவரான 72 வயது அம்மா அந்த இடைவெளியில், உடைத்துக் குவித்திருந்த கான்கிரீட் கட்டியில் கால் இடறி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம் உருண்டு தண்ணீர் முழுவதும் தூசியில் போயிற்று. தூக்கி உட்கார வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, லாரி போய்விட்டதா என்பதுதான். கணவரை இழந்து மூன்றாவது மாடியில் தனியே வசிக்கும் அவருக்கு இப்போது பக்கத்து வீட்டார் ஆளுக்கு ஒரு குடம் என்று ஊற்றி வருகிறார்கள். அவர்களுக்கே மூன்று குடம்தான் கிடைக்கிறது. கீழ்த்தளத்தில் நோன்பிருக்கும் குடும்பம் ஒன்று, சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவுக்கும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யவும் வைத்திருந்த தண்ணீரில் பாதியை அன்றிரவே அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தது. பள்ளிகள் 7ஆம் தேதியே திறந்துவிட்டன. பத்து வயதுப் பிள்ளைகள் சீருடை போடுவதற்கு முன் ஆளுக்கு இரண்டு நடை குடம் தூக்குகிறார்கள். இவ்வளவையும் எழுதி மறுநாள் மூன்றாவது மனுவைக் கொடுத்தோம். 16ஆம் தேதி மாலை கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டு முடித்து வைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. ஐயா, எது தீர்ந்தது? எந்த வீட்டில் தண்ணீர் வந்தது? யார் வந்து பார்த்து அதை எழுதினார்கள்? கை முறிந்து கிடப்பவரிடம் இந்தச் செய்தியை நாங்கள் எப்படிப் படித்துக் காட்டுவது? கோபத்தில் எழுதுகிறோம் என்று தாங்கள் நினைத்தாலும் சரி, கோபம்தான். எரிந்த கட்டடத்துக்காக எங்கள் சம்பைத் திறந்து கொடுத்தவர்கள் நாங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவாவது எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

6. பின்சுவர் விழும் ஒவ்வொரு முறையும் வீடு அதிர்கிறது. இரண்டு கட்டடங்களில் மாடிப்படியை ஒட்டிச் சுவர் விரிந்திருக்கிறது. பொறியாளர் ஒருவரை அனுப்பிப் பார்க்க வேண்டுகிறோம்.

7. இந்தக் கட்டடத்துக்கு நான்கு மாடி வரைதான் அனுமதி என்றும், அதற்கு மேல் எழுந்தவை அனுமதியின்றிக் கட்டப்பட்டவை என்றும் தீவிபத்துக்குப் பிறகு செய்தித்தாள்களில் படித்தோம். பல மாடிக் கட்டடத்தைச் சுற்றிலும் ஏழு மீட்டர் காலியிடம் விட வேண்டும் என்பது விதி. அந்த ஏழு மீட்டர் இருந்திருந்தால் பின்பக்கமாகவும் தீயணைப்பு வண்டி வந்திருக்கும், எங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் அனல் வந்திருக்காது, இன்று இடிக்கும் இயந்திரம் நிற்க எங்கள் தெருவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமும் வந்திருக்காது. 2008 செப்டம்பர் 1ஆம் தேதி பக்கத்து ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை எரிந்து ஊழியர்கள் இருவர் இறந்தபோதே இதையெல்லாம் பேசினோம். ஒன்பது ஆண்டுகள் ஆகப் போகின்றன. உஸ்மான் சாலையில் இதே போல் நெருக்கியடித்து நிற்கும் மற்றக் கட்டடங்களின் பின்பக்கமும் எங்களைப் போன்ற குடும்பங்கள் இருக்கின்றன. இதற்குரிய விசாரணை அதன் வழியில் நடக்கட்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும், அதுவரை காத்திருக்கவும் எங்களால் முடியும். தண்ணீருக்குக் காத்திருக்க முடியாது.

ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து,

அ) தெருமுனைத் தடுப்பைத் தினமும் காலை 5 மணி முதல் 7 மணி வரை திறந்து தண்ணீர் லாரியை உள்ளே விட, எழுத்துமூலமான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்து, அதன் நகலைத் தடுப்பில் இருக்கும் காவலரிடமும் எங்களிடமும் கொடுக்குமாறும்,

ஆ) நடைபாதையில் கவிழ்ந்து கிடக்கும் சிந்தெக்ஸ் தொட்டியைக் கழுவி, இயந்திரத்துக்கு இடைஞ்சல் இல்லாத தெருவின் மறுமுனையில் நிறுத்துமாறும் (அதற்கான மேடையை எங்கள் செலவிலேயே கட்டித் தருகிறோம்),

இ) நான்கு சம்புகளையும் மாடித் தொட்டிகளையும் கிணற்றையும் இறைத்துச் சுத்தம் செய்து, தண்ணீரைப் பரிசோதித்து, முடிவு எதுவாயினும் எங்களுக்குத் தெரிவிக்குமாறும்,

ஈ) முடித்து வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் எங்கள் புகாரை மீண்டும் திறந்து, யார் பார்வையிட்டு அதை முடித்தார் என்று விசாரிக்குமாறும்

பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த நான்கும் ஒரே நாளில் ஆகாது என்றால் முதலாவதை மட்டுமாவது இன்றே செய்யுங்கள். நாளை காலை ஐந்து மணிக்கு ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் வரட்டும். மற்றவற்றுக்காக இன்னொரு திங்கட்கிழமை வந்து வரிசையில் நிற்கிறோம்.

தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் நாங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை என்பது தெரியும். பனகல் பூங்காவிலிருந்து நடந்தே வந்துவிடலாம். எந்த நேரத்தில் வந்தாலும் தடுப்பு இடைவெளியருகே எங்களில் யாராவது ஒருவர் குடத்தோடு நின்றிருப்போம். தடுப்பைத் திறந்து லாரியை உள்ளே விடுமாறு மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பின்தெருவில் குடியிருப்போர்
(38 குடும்பங்களின் கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கத்தில்)