ஸ்கோப்பைப் பார்சல் கட்டுவதற்கு முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. உதை இருக்கிற துப்பாக்கி எதையும் கொஞ்ச நாளைக்குத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் ரேஞ்சுக்குப் போனாலும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். போன வாரம்தான் மறுபடி ஸ்கோப்பில், துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கிற அந்தத் தொலைநோக்கியில், கண் வைத்தேன், தாளில் இருக்கிற கறுப்பு வட்டத்தின் ஓரம் பிளேடால் வெட்டியது போலத் தெரிந்தது. இத்தனை வருஷம் எதை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

மகள் வேலை மாறிவிட்டாள், நன்றாக இருக்கிறாள். வீட்டில் எல்லோரும் நலம். சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

புது ஸ்கோப்பின் ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே தோட்டா படும்படி செய்த அமைப்பு) நிற்கவில்லை, லைஃப்டைம் வாரண்டி இருக்கிறது, கம்பெனிக்கே அனுப்பிவிடப் போகிறேன், கூடவே அண்ணனின் பழைய ஸ்கோப்பையும் அதே பெட்டியில் வைத்து அனுப்பப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பழையதை அந்தப் பெட்டியில் வைக்காதே. காரணம் சொல்கிறேன், அதற்கு முன்னால் புதியதைப் பார்த்துவிடலாம்.

அதை .22 ரைஃபிளிலிருந்து கழற்றி ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளில் மாட்டியதாக எழுதியிருக்கிறாயே, அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏர் ரைஃபிள் தானே, உதை எங்கே இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தோட்டா போடுகிற துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்ப்ரிங் ரைஃபிள் முதலில் பின்னால் நகரும், அடுத்த கணம் பிஸ்டன் முன்னால் போய் மோதும்போது மொத்தத் துப்பாக்கியும் முன்னால் குலுங்கும். பின்னால் வருகிற உதையைத் தாங்குவதற்கென்று மட்டும் செய்த ஸ்கோப்புக்கு இந்த முன் குலுக்கல் ஆகாது, உள்ளே லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்துவிடும், ரெட்டிகிள் என்கிற குறுக்குக் கம்பி அமைப்பு திரும்பிவிடும். உன் மாடல் ஸ்ப்ரிங் ரைஃபிளைத் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்.

அப்புறம், கெட்டது ஸ்கோப்தானா என்பதையும் உறுதி செய்துகொள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் ரிங் ஓரத்தில், குழாய்மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போடு. இருபது தடவை சுட்டுவிட்டுப் பார். கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் ஸ்கோப் ரிங்குக்குள் நகர்கிறது என்று அர்த்தம், ஸ்கோப்பில் கோளாறு இல்லை. அதற்காக ஸ்க்ரூவை முடிந்த மட்டும் முறுக்காதே. ரிங் மூடி ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இஞ்ச் பவுண்டு முறுக்கு போதும், உன் ரிங்கோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே சரி. அதற்கு மேல் முறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே நகர வேண்டிய குழாய் நகராமல் போகும்.

உள்ளே நகரும் குழாய் என்றேனே, அதுதான் ஸ்கோப்பின் உயிர். வெளிக்குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது, படத்தை நிமிர்த்திக் காட்டும் லென்ஸ்கள் அதில்தான் இருக்கின்றன. டர்ரட்டை, அதாவது குறியை நகர்த்தும் குமிழை, கிளிக் கிளிக்காகத் திருப்பினால் ஒரு திருகு அந்தக் குழாயை ஒரு பக்கமிருந்து தள்ளும், எதிர்ப்பக்கம் ஒரு ஸ்ப்ரிங் அதைத் திருகோடு அழுத்திப் பிடித்திருக்கும். அந்த ஸ்ப்ரிங் சோர்ந்துவிட்டால் கிளிக் சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்கும், குழாய் நகராது. அடுத்த உதையில் திடீரென்று நகர்ந்து உட்காரும். நீ எழுதியிருக்கிறாயே, "திருப்பினேன், ஒன்றும் ஆகவில்லை, மூன்றாவது தோட்டா எங்கேயோ போய்விட்டது" என்று, அது அச்சாக இதுதான்.

ஸ்கோப்பைத் திரும்ப .22இல் மாட்டி ஒரு சதுரம் சுட்டுப் பார். இருபது கிளிக் மேலே, இருபது வலது, இருபது கீழே, இருபது இடது, ஒவ்வொரு மூலைக்கும் மூன்று தோட்டா, கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே இன்னொரு மூன்று. உன் டர்ரட்டில் ஒரு கிளிக் 0.1 மில் (மில் என்பது கோண அளவு) என்பதால் 50 மீட்டரில் அரை சென்டிமீட்டர், ஆகவே பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வர வேண்டும். வரவில்லையென்றால், அல்லது கடைசி மூன்று தோட்டாவும் முதல் மூன்றோடு சேரவில்லையென்றால், தயங்காமல் அனுப்பு. அந்தத் தாளையும் மடித்து உள்ளே வை. "சரியாக வேலை செய்யவில்லை" என்ற ஒரு வரியைவிட அந்தத் தாள் ரிப்பேர் மேசையில் இருப்பவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

இப்போது பழைய ஸ்கோப். மாஸ்டர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன, நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நாலு பவர் ஸ்கோப் உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் இரண்டு பேரும் முதன்முதலில் கண் வைத்தது அதில்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அதற்குள் பனி மூட்டம் பிடித்தது. குளிர்ந்த காலையில் வெளியே எடுத்தால் உள்பக்கம் வெள்ளையாகிவிடும், எவ்வளவு துடைத்தாலும் போகாது. முன் லென்ஸின் ஓரத்தில் மீன் செதிள் மாதிரி ஒரு பளபளப்பும் வந்திருந்தது. கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாக, சீக்கிரமாகவே பதில் வந்தது. வாரண்டி செல்லும், அந்த மாடலுக்கு உதிரி பாகம் நின்று பல வருஷம் ஆகிவிட்டதால் இப்போது இருப்பதில் அதற்கு இணையான புது மாடல் ஒன்றை அனுப்புகிறோம், பழையது திரும்பி வராது.

செல்வம், அந்தக் கடைசி மூன்று வார்த்தையை நான் நாலு தடவை படித்தேன். மாஸ்டரின் கட்டைவிரல் பட்டுப் பட்டு டர்ரட் மூடிக்குக் கீழே கறுப்பு போய் உலோகம் தெரிகிற அந்த இடம் இருக்கிறதல்லவா, அது திரும்பி வராது. கம்பெனி மேல் எனக்கு வருத்தம் இல்லை. சொன்ன வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் அவர்கள் வாக்குக் கொடுத்தது ஒரு நல்ல ஸ்கோப்புக்குத்தான், இந்த ஸ்கோப்புக்கு அல்ல என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வேண்டாம் என்று எழுதிவிட்டு, தனியாக ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். சர்வே கருவி, பைனாகுலர் எல்லாம் பார்த்த கை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தே திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், விரலால் அழுத்தியதும் முறுக்கு மாதிரி உடைந்தது. ஈரம் நுழைந்தது அந்த வழியாகத்தான். செதிள் பளபளப்புக்குக் காரணம், இரண்டு லென்ஸை ஒட்டவைத்த கனடா பால்சம் என்கிற மரப்பிசின் ஓரத்தில் விட்டுப்போனது. மெல்லச் சூடாக்கிப் பிரித்து, சுத்தம் செய்து, புறஊதா ஒளியில் இறுகும் பசையால் மறுபடி ஒட்டினார்.

குறுக்குக் கம்பி ஒன்று தொய்ந்திருந்தது. அந்தக் காலத்தில் இதற்குச் சிலந்தி நூலைக்கூட இழுத்துக் கட்டுவார்களாம், நம்முடையது உலோகக் கம்பி. புதுக் கம்பியை வளையத்தின் குறுக்கே போட்டு இரண்டு முனையிலும் சின்ன மெழுகு உருண்டை ஒட்டித் தொங்கவிட்டார், அந்த எடையில் கம்பி விறைத்து நின்றது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு பொட்டு ஈயம் வைத்தார். நானும் மூச்சு விடவில்லை. கடைசியில் காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி, மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

கஸ்டம் வேலை பற்றிக் கேட்டிருந்தாய். அவரும் கேட்டார், திறந்தது திறந்ததுதான், வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா என்று. வேட்டைக்கென்று செய்த ஸ்கோப்புகளில் பாரலாக்ஸ் பொதுவாக 100 கஜத்துக்கு அமைத்திருக்கும், நாம் சுடுவது 50 மீட்டர். தலையைக் கொஞ்சம் அசைத்தால் குறுக்குக் கம்பி வட்டத்தின்மேல் நடப்பது போலத் தெரியுமே, அந்தத் தொல்லை. முன் லென்ஸை ஒரு துளி நகர்த்தி அதைச் சரிசெய்துகொடுத்தார். இந்த ஒரு வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துகொள்ளலாம். நடுவில் புள்ளி வைத்த புது ரெட்டிகிள் போடட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். லென்ஸுக்குப் புதுப் பூச்சு பற்றி நான் கேட்டேன், அதை அவரே வேண்டாம் என்றார். பூச்சு முக்கியம்தான். 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா கண்டுபிடிக்கும் வரை ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பியடித்துக்கொண்டிருந்தது, 16 பரப்பு இருந்தால் பாதி வெளிச்சம் போய்விடும். ஆனால் இதில் பழைய பூச்சே நன்றாக இருக்கிறது, முன் லென்ஸின் அகலம் 32 மில்லிமீட்டர், அதை நாலு பவரால் வகுத்தால் எட்டு மில்லிமீட்டர் ஒளி வட்டம், நம் வயதில் கண்மணி அவ்வளவு விரியவே விரியாது, இதற்கு மேல் எதற்கு என்றார்.

உன் புது ஸ்கோப்புக்குத் தூரம் பொறித்த டயல் செய்யலாமா என்று கேட்டாயே, இப்போது வேண்டாம். அந்த டயல் ஒரே ஒரு தோட்டா, அதன் வேகம், ஒரு குறிப்பிட்ட உயரம், வெப்பநிலை இதற்கெல்லாம் கணக்குப் போட்டுப் பொறிப்பது. தோட்டாவை மாற்றினால் டயலையும் மாற்ற வேண்டும். நீ இன்னும் எந்தத் தோட்டா என்றே முடிவு செய்யவில்லை.

வாரண்டித் தாளைப் படிக்கும்போது, லைஃப்டைம் என்றால் யாருடைய ஆயுள் என்று தேடிப் பார். வாங்கியவர் ஆயுளா, பொருளின் ஆயுளா என்பது தாளுக்குத் தாள் மாறும். வோர்டெக்ஸ் கம்பெனி மாதிரி சிலர் ரசீது கேட்பதில்லை, கைமாறினாலும் செல்லும் என்கிறார்கள். தொலைந்தால், திருடு போனால், வேண்டுமென்றே உடைத்தால், வேலையைப் பாதிக்காத கீறல் விழுந்தால் மட்டும் கிடையாது. வேறு சிலரிடம் கண்ணாடிக்கும் குழாய்க்கும் ஆயுள் முழுக்க, உள்ளே ஒளிரும் பேட்டரி பாகத்துக்குச் சில வருஷம் மட்டும். இன்னொன்று, வெளியாள் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அதனால் புதியதை நம் பெரியவரிடம் காட்டவே காட்டாதே, பழையதைக் கம்பெனிக்குக் காட்டாதே.

அனுப்பும்போது ரிங்கைக் கழற்றிவிடு, சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வை. கம்பெனி வேறு நாட்டில் என்றால் முதலில் எழுதிக் கேள், சில நாடுகளில் ரைஃபிள் ஸ்கோப் எல்லை தாண்ட அனுமதி வாங்க வேண்டும். ரிப்பேர் முடியாவிட்டால் எதுவும் செய்யாமல் திருப்பி அனுப்புங்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

அண்ணன் ஸ்கோப்பைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவா, பெரியவரிடம் சேர்ந்தே போகலாம். போகிற வழியில் ரேஞ்சில் இறங்குவோம். மாஸ்டரின் ஸ்கோப்பை .22இல் மாட்டி வைத்திருக்கிறேன், என் புதுக் கண்ணுக்கு ஏற்றபடி கண் பக்க லென்ஸைத் திருப்பியிருக்கிறேன், உனக்கு மங்கலாகத் தெரிந்தால் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கம்பி கூராகும் வரை திருப்பிக்கொள். முதல் ஐந்து தோட்டா உனக்கு.

அன்புடன்,
கதிர்